செட்டிநாட்டு வீடும் ஒற்றைத் தூணும்

டில்லியில் நண்பர் ஒருவர் புதுசாக வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு தேக்குத் தூண், எதையும் தாங்காமல் நின்றது. "காரைக்குடியிலேர்ந்து வரவழைச்சது சார், எப்படி இருக்கு?" என்றார். தூண் அழகுதான். ஆனாலும் ஏதோ பொருந்தவில்லை. என்ன குறை என்று யோசித்தபோது அது பிறந்த வீட்டின் கதைக்குப் போக வேண்டியதாயிற்று.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருப்பது செட்டிநாடு. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு நகரத்தார் அங்கே பெருமளவில் கொண்டுவிற்கப் போனார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. நெல் விளைவித்தவர்களுக்குக் கடன் கொடுத்து ஈட்டிய பணம், பர்மாத் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் ஊர் வந்து சேர்ந்தது.

இத்தனை தேசத்துச் சாமான்கள் ஒரே வீட்டில் சேர்ந்தும் அது சந்தைக்கடை ஆகாதது எப்படி? உள்ளலங்காரத்தின் அடிப்படை விதிகளை அந்தக் கொத்தனார்களும் ஆசாரிகளும் கைப்பழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

முதலாவது, நேர்கோடு. தெருவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என எல்லா நிலைகளும் ஒரே கோட்டில் அமைந்து பின்வாசல் வரை பார்வை ஓடும். இரண்டாவது, ஒழுங்கு. வளவைச் சுற்றி ஒரே மாதிரித் தூண்கள், சம இடைவெளியில் வரிசை கட்டும். மூன்றாவது, வெற்றிடம். நடுமுற்றம் காலியாகவே இருக்கும். வெளிச்சமும் காற்றும் மழையும் அதன் வழியாகத்தான் இறங்கும். நான்காவது, அளவறிதல். வேலைப்பாடெல்லாம் முகப்பிலும் நிலைக்கதவிலும். மணமான பிள்ளைகளுக்கான உள் அறைகள் எளிமையானவை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்கள் வெண்மையாய் ஒதுங்கிக்கொள்ள, ஆத்தங்குடிக் கல் தரைக்கு வண்ணம் தரும். கண்ணாடிப் பலகைமேல் சாயச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்யும் அந்தக் கல்லுக்குச் சூளையே வேண்டாம்.

ஆக, அந்தத் தூணின் அழகு தூணில் மட்டும் இல்லை; வரிசையிலும் வெளிச்சத்திலும் இருந்தது. டில்லிக்கு வந்தது மரம் மட்டுமே.

அது ஏன் இங்கே வந்தது என்பதும் சரித்திரம்தான். 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் பலர் உயிர் தப்பினால் போதுமென்று ஊர் திரும்பினார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் நின்றது; வீடுகள் நின்றன.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி என்னிடம் சொன்னார்: "கல்யாணம் காட்சின்னா எல்லாரும் வருவாக தம்பி. மத்த நாள்ல வெளக்கேத்த நான் ஒருத்திதான்." ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். பழுதுபார்க்க ஒருமனப்படுவது கஷ்டம். பிரித்து விற்று, வந்ததைக் கூறுபோடுவது சுலபம். அப்படிப் பிரிந்த வீடுகளின் கதவும் தூணும்தான் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றாது.

வெளியூரில் குடியேறிய நமக்கு இரண்டு வேலை உண்டு. நம் இரண்டு அறை வீட்டுக்குத் தூண் வேண்டாம்; வாசலிலிருந்து ஜன்னல் வரை பார்வையை மறிக்காத ஒரு கோடும், சாமான் அடைக்காத ஒரு மூலையும் போதும். ஊரில் பங்கு வீடு உள்ள அன்பர்கள், அடுத்த விடுமுறைக்குப் பங்காளிகளோடு போய்ப் பூட்டைத் திறந்து நாலு நாள் தங்கிப் பாருங்கள். விற்பதா வைப்பதா என்பதை அந்த வளவில் உட்கார்ந்து பேசுங்கள்.