பஹாமாஸ் தீவுகளுக்கு விடுமுறை வந்த கதை

கடலோர ஹோட்டல் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. வெள்ளை மணல், நீலப்பச்சைக் கடல், இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே கட்டிய வலைத் தூளி, அதில் கவலையே இல்லாமல் படுத்திருக்கும் ஒரு மனிதர். பஹாமாஸ் தீவுகளின் விளம்பரம் என்றால் இந்தப் படம் இல்லாமல் இருக்காது. ஆனால் அந்தத் தென்னை அங்கே இயற்கையாக இருந்த மரம் அல்ல, ஐரோப்பியர் வந்த பிறகு வந்தது. தூளி மட்டும் அந்த மண்ணுக்குச் சொந்தமானது. அதைக் கட்டிப் படுத்திருந்த லூக்காயர் என்ற மக்கள்தான் இப்போது இல்லை!

1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் கரையிறங்கியது இந்தத் தீவுகளில் ஒன்றில்தான். லூக்காயர்கள் அதைக் குவானஹானி என்று அழைத்தார்கள், அவர் சான் சால்வடோர் என்று பெயர் வைத்தார். வலைத் தூளியில் மக்கள் தூங்குவதை அவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் ஸ்பானியர்கள் அந்த மக்களை ஹிஸ்பானியோலா தீவுக்குச் சுரங்க வேலைக்கும், வெனிசுலா கரையோரம் முத்துக் குளிக்கவும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுமார் 1520 வாக்கில் தீவுகள் ஆளில்லாமல் கிடந்தன.

இன்னொரு விஷயம். "கரீபியன் விடுமுறை" என்று பயண நிறுவனங்கள் விற்றாலும் பஹாமாஸ் கரீபியன் கடலில் இல்லை. கியூபாவுக்கு வடக்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கிறது. சுமார் 700 தீவுகளும், அவை தவிர ஆயிரக்கணக்கான சிறு திட்டுகளும் பாறைகளும் கொண்ட கூட்டம் அது. கடகரேகை அதன் தெற்குப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. அதனால் வடக்குத் தீவுகளில் ஜனவரியில் போய் இறங்குகிறவர்கள் சில நாள் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியிருக்கும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

தலைநகர் நாசோ முதலில் பெயர் வாங்கியது கடற்கொள்ளையர்களால். 1718ல் பிரிட்டிஷ் அரசு வுட்ஸ் ரோஜர்ஸ் என்பவரை ஆளுநராக அனுப்பி அவர்களை ஒடுக்கியது. கொள்ளையர் விரட்டப்பட்டனர், வணிகம் மீண்டது என்ற பொருள்படும் லத்தீன் வாசகம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குடியேற்றத்தின் முத்திரையில் இருந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிறகு பிரிட்டனின் ஆதரவாளர்கள் தங்கள் அடிமைகளுடன் அங்கே குடியேறினார்கள். மண் மெலிந்த மண், பருத்தி சில ஆண்டுகளிலேயே பொய்த்தது. 1834ல் அடிமைமுறை ஒழிந்தபோது பெரும்பான்மையாக இருந்த கறுப்பின மக்களின் கையில் மீன்பிடிப்பும் கடற்பஞ்சும் சிறு விவசாயமும்தான் இருந்தன.

அந்தக் காலத்தில் வெப்பத் தீவுகளுக்குப் பயணம் என்பது உல்லாசம் அல்ல, வைத்தியம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வெளிநாடு சென்றார். 1751ல் காசநோயால் அவதிப்பட்ட அண்ணன் லாரன்ஸைக் கூட்டிக்கொண்டு பார்படாஸ் தீவுக்குப் போன பயணம் அது. அண்ணனுக்குக் குணமாகவில்லை, தம்பிக்கு அம்மை வந்ததுதான் மிச்சம். இருந்தாலும் இளஞ்சூட்டுக் கடற்காற்று நுரையீரலுக்கு நல்லது என்ற நம்பிக்கை மறையவில்லை. அந்த நம்பிக்கையை நம்பித்தான் பஹாமாஸ் அரசு 1859ல் நியூயார்க்குக்கும் நாசோவுக்கும் இடையே நீராவிக் கப்பல் விட சாமுவேல் குனார்டுடன் ஒப்பந்தம் போட்டது. அரசுப் பணத்தில் ராயல் விக்டோரியா என்ற பெரிய ஹோட்டலும் எழும்பியது.

1861ல் ஹோட்டல் திறந்தது. அதே ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரும் தொடங்கியது. நோயாளிகளுக்காகக் கட்டிய அறைகளில் போர்க்கால வியாபாரிகள் வந்து தங்கினார்கள். வடக்கு மாநிலங்களின் கடற்படை முற்றுகையை ஏமாற்றித் தெற்கிலிருந்து பருத்தியைக் கடத்திவரும் மாலுமிகளும், ஆயுதம் விற்கும் தரகர்களும் நாசோவைப் பணத்தால் நிரப்பினார்கள். 1865ல் போர் முடிந்தது, பணமும் போய்விட்டது. அடுத்த ஆண்டே ஒரு பெரும் புயல் நாசோவை நொறுக்கியது. வெளியிலிருந்து பணம் வரும், திடீரென நின்றுபோகும் என்ற இந்த வாழ்க்கையைப் பஹாமாஸ் மக்கள் இதன் பிறகும் பலமுறை பார்த்திருக்கிறார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது மறுபடியும் அதேதான் நடந்தது.

இதற்கிடையே புளோரிடாவில் ரயில் பாதை போட்ட ஹென்றி ஃபிளாக்லர் என்ற கோடீஸ்வரர் மியாமியிலிருந்து நாசோவுக்குக் கப்பல் விட்டார். பழைய நாசோ கோட்டை நின்ற இடத்திலேயே 1900ல் கொலோனியல் ஹோட்டலைக் கட்டினார். நியூயார்க்கில் ரயில் ஏறி, மியாமியில் கப்பல் மாறி, நாசோவில் இறங்கலாம் என்று முழுப் பயணத்தையும் ஒரே ஆள் திட்டமிட்டுக் கொடுத்தது அங்கே புதுமை. 1929ல் பான் அமெரிக்கன் நிறுவனம் மியாமியிலிருந்து விமானம் விட்டது. ஆனாலும் வருகிறவர்கள் குளிர்காலத்தில் சுமார் மூன்று மாதம்தான் வந்தார்கள். பிறகு ஹோட்டல்கள் மூடப்படும், வேலைக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். 1938ல் கடற்பஞ்சுகளை ஒரு நோய் அழித்தபோது அவர்களுக்குத் திரும்பிப் போகவும் தொழில் இல்லாமல் போனது. பெண்கள் பனை ஓலையில் தொப்பியும் கூடையும் பின்னிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நாசோவின் புகழ்பெற்ற ஓலைச் சந்தை வளர்ந்தது இப்படித்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆளுநராக இருந்தவர் அரச பதவியைத் துறந்த எட்டாம் எட்வர்ட், அதாவது வின்சர் கோமகன். போருக்காக நாசோவில் விமானத் தளங்கள் கட்டினார்கள். உள்ளூர் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங் கூலி. அதே வேலைக்கு வந்த அமெரிக்கர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. 1942 ஜூன் 1 அன்று தொழிலாளர்கள் பே தெருவுக்குள் புகுந்து கடைகளை உடைத்தார்கள், உயிர்கள் போயின. கடைசியில் கூலி ஒரு ஷில்லிங் உயர்ந்தது. அப்படிக் கட்டிய தளங்களில் ஒன்றுதான் பிற்காலத்தில் நாசோவின் சர்வதேச விமான நிலையம் ஆனது. இன்று விடுமுறைக்குப் போகிறவர்கள் இறங்குவது அங்கேதான்.

நவீன சுற்றுலாவை உருவாக்கியவர் என்று ஸ்டாஃபர்ட் சாண்ட்ஸைச் சொல்வார்கள். நாசோவின் கடைத்தெருவையும் சட்டசபையையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த வெள்ளைக்கார வணிகர் கூட்டத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் அவர். வளர்ச்சி வாரியத்தின் தலைவராக வந்ததும் ஆண்டு முழுவதும் பயணிகளை வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்து அமெரிக்காவில் பணத்தை வாரி இறைத்து விளம்பரம் செய்தார். குளிர்சாதன வசதியும் ஜெட் விமானமும் துணைக்கு வந்தன. கியூபப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு ஹவானா மூடப்பட, அந்தக் கூட்டமும் நாசோ பக்கம் திரும்பியது. 1949ல் சுமார் 32 ஆயிரமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 1968ல் 10 லட்சத்தைத் தாண்டியது. இருபது ஆண்டுகளுக்குள் முப்பது மடங்கு!

ஆனால் இந்தச் சொர்க்கத்தின் வாசலில் நிறம் பார்த்தார்கள். பெரிய ஹோட்டல்களில் கறுப்பினத்தவர் வேலை செய்யலாம், விருந்தினராக நுழைய முடியாது. மக்கள்தொகையில் பெரும்பான்மையினருக்குத் தங்கள் ஊர் ஹோட்டலில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க உரிமை இல்லை. 1956 ஜனவரியில் 'டிரிப்யூன்' பத்திரிகையின் ஆசிரியரும் சட்டசபை உறுப்பினருமான எட்டியன் டுபுக் இதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். சபாநாயகர் அவரைக் கைது செய்வதாக மிரட்டினார். கைது செய்து பாருங்கள் என்று அவர் உட்கார மறுத்தார். தீர்மானம் ஒரு குழுவுக்குத் தள்ளப்பட்டது. ஆனால் பார்வையாளர் மாடத்திலும் வெளியிலும் திரண்ட கூட்டத்தைப் பார்த்த ஹோட்டல்காரர்கள் கதவைத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் மத்தியில் பெயர் கெடும் என்ற பயமும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த சண்டை டாக்ஸியால் வந்தது. புதிய விமான நிலையத்திலிருந்து பயணிகளை ஹோட்டலுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பெரிய சுற்றுலா நிறுவனங்களின் வாகனங்களுக்குத் தர ஏற்பாடானது. டாக்ஸி ஓட்டுநர்கள் 1957 நவம்பரில் விமான நிலையச் சாலையை மறித்தார்கள். 1958 ஜனவரியில், அதாவது சீசன் உச்சத்தில், அது பொது வேலைநிறுத்தமாக மாறியது. சமையல்காரர் இல்லை, அறை சுத்தம் செய்ய ஆள் இல்லை. ஹோட்டல்கள் மூடின, பயணிகள் மூட்டை கட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்த அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் பிரிட்டன் வாக்குரிமையைச் சீர்திருத்தியது. 1962ல் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 1967 ஜனவரி 10 தேர்தலில் இரு கட்சிகளும் தலா 18 இடம் பெற, மற்ற இரு உறுப்பினர்களின் உதவியுடன் லிண்டன் பிண்ட்லிங் ஆட்சி அமைத்தார். பெரும்பான்மையினர் கைக்கு ஆட்சி வந்தது அன்றுதான். 1973 ஜூலை 10ல் நாடு விடுதலை பெற்றது.

சாண்ட்ஸ் என்ன ஆனார்? சூதாட்ட விடுதி நடத்தியவர்களிடமிருந்து பெருந்தொகை கட்டணமாகப் பெற்றது விசாரணையில் வெளிவந்தது. 1967க்குப் பிறகு அவர் நாட்டைவிட்டே போனார். 2000ல் வெளியான 10 டாலர் நோட்டில் அவர் படம் அச்சிடப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது, 2005ல் வந்த அடுத்த நோட்டில் அவர் இல்லை. அவருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று அந்த நாடு இன்னும் முடிவு செய்யவில்லை போலும்.

நாசோவுக்கு எதிரே ஹாக் ஐலண்ட், அதாவது பன்றித் தீவு என்று ஒரு தீவு இருந்தது. 1959ல் ஹண்டிங்டன் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் அதை வாங்கிப் பாரடைஸ் ஐலண்ட் என்று பெயர் மாற்றினார். பன்றி சொர்க்கமானது! பிரான்சிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்த மடாலயத் தூண் மண்டபம் ஒன்றையும் அங்கே நிறுத்தினார். 1994ல் அந்தத் தீவின் பெரும்பகுதியை வாங்கி அட்லாண்டிஸ் என்ற பிரம்மாண்ட விடுதியாக மாற்றியவர் சால் கெர்ஸ்னர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் சன் சிட்டி கட்டியவர் அவர்தான்.

இப்போது பெரும்பாலானவர்களின் பஹாமாஸ் விடுமுறை கப்பலில்தான் நடக்கிறது. 2023ல் வந்த பயணிகள் 96 லட்சத்துக்கும் அதிகம், நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 4 லட்சம். வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சில மணி நேரம் கரையில் நடந்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பியவர்கள். 1977ல் ஒரு கப்பல் நிறுவனம் கிரேட் ஸ்டிரப் கே என்ற சிறுதீவை வாங்கியதிலிருந்து தனியார் தீவுகளும் பெருகிவிட்டன. அப்படிப்பட்ட தீவில் மட்டும் இறங்கிவிட்டுப் போகிறவருக்குப் பஹாமாஸில் ஒரு ஊர்க்காரரைக்கூடப் பார்க்காமல் திரும்ப முடியும்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால் அப்போது கட்டணம் குறைவு என்று பயண வழிகாட்டிகள் சொல்லும். 2019 செப்டம்பர் 1ல் டோரியன் புயல் மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் அபாக்கோ தீவுகளைத் தாக்கி, பிறகு கிராண்ட் பஹாமா மேல் ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றது. 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காணாமல் போனவர்கள் பலர். மற்ற தீவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, தயவுசெய்து பயணத்தை ரத்து செய்யாதீர்கள் என்று சுற்றுலாத் துறை அதே நாட்களில் கேட்டுக்கொண்டது. வேறு வழியும் அவர்களுக்கு இல்லை, நிவாரணத்துக்கான பணமே அங்கிருந்துதான் வர வேண்டும். அபாக்கோவில் அதிகம் அழிந்தது மட் என்ற குடிசைப் பகுதி. ஹைட்டியிலிருந்து பிழைக்க வந்து, பக்கத்து விடுமுறை வீடுகளில் தோட்ட வேலையும் கட்டட வேலையும் செய்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். புயலுக்குப் பிறகு அந்த இடம் வேலி போட்டு அடைக்கப்பட்டது. திரும்பி வந்து வீடு கட்ட அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.