பைத்தான் வெர்ஷன் மாறினால் பில் தொகையும் மாறுமா? பழைய புரோகிராம் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறை என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த தம்பி ஒருவர் எப்பவோ பைத்தான் 2-ல் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது. ஒருநாள் கம்ப்யூட்டர் பழுது. புது கம்ப்யூட்டரில் பைத்தான் 3 போட்டால் புரோகிராம் திறக்கவே இல்லை. நாலு வரியைத் திருத்தியதும் ஓடிவிட்டது. ஆனால் மாசக் கடைசியில் பார்த்தால், சில பில்களில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறது. தப்பு எங்கே?

பழைய புரோகிராம் ஏன் ஓடவில்லை?

புது வெர்ஷன் வந்தாலும் பழைய புரோகிராம் ஓட வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் பழைய குறைகளைச் சரிசெய்ய, சில நேரம் மொழியை உருவாக்குபவர்களே தெரிந்தே விதிகளை மாற்றுவார்கள். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அப்படித்தான். பைத்தான் 2-க்கான ஆதரவு 2015-ல் முடிவதாக இருந்து, பலரும் மாறாததால் 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது.

சத்தம் போடும் தப்பு, போடாத தப்பு

பிரிண்ட்: பைத்தான் 3-ல் இதற்கு அடைப்புக்குறி கட்டாயம். இல்லையென்றால் உடனே எர்ரர் வரும். இது நல்லது, ஏன்னா தப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

வகுத்தல்: 125 போல்ட், பெட்டிக்கு 10. முழுப் பெட்டி எத்தனை? 125/10 என்றால் பைத்தான் 2 சொல்வது 12. பைத்தான் 3 சொல்வது 12.5. எர்ரர் எதுவும் வராது.

ரவுண்டிங்: ரூ.112.50-ஐ முழு ரூபாயாக்கினால் பைத்தான் 2-ல் 113, பைத்தான் 3-ல் 112. சரியாக 50 காசில் முடிந்தால், பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது புது விதி. ரூ.113.50 என்றால் ரெண்டிலுமே 114தான். அதனால்தான் சில பில்லில் மட்டும் ஒரு ரூபாய் இடிக்கிறது!

தமிழ்ப் பெயர்கள்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளம், யுடிஎஃப்-8 முறையில் எழுதிய சாதாரண பைத்தான் 2 புரோகிராமில் 15, பைத்தான் 3-ல் 5. நாம் எண்ணினால் 3 எழுத்து. பில்லில் பெயருக்கு இடம் ஒதுக்கிய கணக்கு இதனால் மாறிவிடும். எழுத்தாக எண்ண 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது.

மாற்றும்போது என்ன செய்யணும்?

1. இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் சோதனை வேண்டாம். புரோகிராமையும் டேட்டாவையும் காப்பி எடுத்து, ஓடும் வெர்ஷன் நம்பரைக் குறித்து வையுங்கள்.

2. பழைய பில் 50 எடுத்து, புதுசில் மறுபடி போட்டு, தொகையை ஒப்பிடுங்கள். 50 காசில் முடியும் பில், தமிழ்ப் பெயர் உள்ள பில் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

3. தானாக மாற்றித் தரும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். பைத்தானோடு வந்த 'டூ டு த்ரீ' கருவி பிரிண்டைத் திருத்தும், வகுத்தலைத் தொடாது. முழு எண் விடை வேண்டிய இடத்தில் ரெண்டு சாய்கோடு போடணும்.

4. பணக் கணக்குக்கு 'டெசிமல்' வசதியைப் பயன்படுத்தி, 50 காசை மேலே ஏற்றணுமா, கீழே இறக்கணுமா என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். மொழியின் வழக்கத்தை நம்பி விடாதீர்கள்.

5. எச்சரிக்கை வரிகளைத் தள்ளிவிடாதீர்கள். உதாரணமாக, 'சிஜிஐ' தொகுப்பு நீக்கப்படும் என 2022-ல் வந்த 3.11 வெர்ஷனே எச்சரித்தது. 2024-ல் வந்த 3.13-ல் அது நீக்கப்பட்டது.

மாற்றாமலே விட்டால்?

ஓடும். ஆனால் பைத்தான் 2-ன் கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரலில். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு பைத்தான் குழுவிடமிருந்து திருத்தம் வராது. இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டரில் அது ஆபத்து.

புது வெர்ஷனில் எர்ரர் வரவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பழைய பில்லோடு தொகை ஒத்துப்போனால்தான் வேலை முடிந்தது.