டெராஹெர்ட்ஸ்

‘டெராஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பூதம். அந்தச் சொல்லின் வாலை நறுக்கி, லட்சம் கோடியைக் குறிக்கும் முன்னொட்டாக 1960-இல் ‘டெரா’வை ஏற்றார்கள். ‘ஹெர்ட்ஸ்’ ஓர் ஆளின் பெயர்: மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்துக் காட்டி, 36 வயதிலேயே மறைந்த ஜெர்மானியர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஆக, நொடிக்கு லட்சம் கோடி அதிர்வு.

பெயரில்தான் பூதம், அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர்.

காகிதம், பிளாஸ்டிக் உறை, காய்ந்த பண்டம் எல்லாவற்றையும் ஊடுருவும் இந்த அலை தண்ணீரிடம் தோற்றுவிடும். அந்தத் தோல்விதான் உணவுச் சோதனைக்குக் கிடைத்த வரம். 1995-இல் பெல் ஆய்வகத்தார் பறித்த இலையொன்றைப் படமெடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தபோது, எங்கே ஈரம் வற்றியது என்பது அப்படியே தெரிந்தது.

சாக்லேட்டுக்குள் கிடக்கும் கண்ணாடிச் சில்லு உலோகங்காட்டியில் சிக்காது. டெராஹெர்ட்ஸ் அலையில் சிக்கும்.