மலையெல்லையும் நீர்ப்பங்கீடும்
செண்பகத்தோப்பு வட்டாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

தமிழகத்தின் எல்லையைக் கூறப்புகுந்த தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் சுட்டி அமைகின்றது. மேற்கெல்லை என ஒரு மலையை அது கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அன்று இல்லை. மலைக்கு இப்பால் பாண்டியர் ஆண்டனர். அப்பால் சேரர் ஆண்டனர். இரு நாடும் தமிழ் கூறும் நல்லுலகமே ஆயின. எனவே, மேற்கு மலைத்தொடர் இரண்டு ஆட்சிகளைப் பிரிக்கும் கோடாகவும், பின்னர் இரண்டு மொழிநிலங்களைப் பிரிக்கும் கோடாகவும் ஆனது காலப்போக்கில் நேர்ந்த மாற்றமாகும். அம்மாற்றத்தால் மலையின் நீர் யாருக்கு உரியது என்னும் வினாவும், அந்நீரைக் கொண்டு நிலத்தை வளம்படுத்தும் செலவை ஏற்போர் யாவர் என்னும் வினாவும் எழுந்தன. செண்பகத்தோப்பை நடுவாகக் கொண்டு இவ்விரு வினாக்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் நீரும்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்தது செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் இவ்வழியே மலையேறுவர். பளியர் குடியிருப்பும் இங்கு உண்டு. இங்கு நின்று மேற்கே நோக்குவார்க்கு முகில் படிந்த முகடுகள் தோன்றும். கிழக்கே திரும்பினாலோ மழையை எதிர்நோக்கும் கண்மாய்களும் கரிசல் நிலமும் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதி மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்துவிடுகின்றது. இவ்வட்டாரத்தின் வேளாண்மையோ வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. இங்குத் தோன்றும் சிற்றாறுகள் வைப்பாற்றொடு கூடி மன்னார் வளைகுடாவை அடைகின்றன. மழைக்காலம் கழிந்ததும் அவை மணலாறுகளே.

நீர்நிலை அமைத்தல் அரசனது தலையாய கடமை என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய செய்தியைப் புறநானூற்றால் அறிகின்றோம். அவ்வறிவுரை பாண்டி நாட்டு வேந்தனை நோக்கி எழுந்தது தற்செயல் அன்று. நிலத்தின் இயல்பே அதனை வேண்டிற்று. ஆயின் புலவர் கூறியது தன் நாட்டில் பெய்யும் மழையைத் தேக்குதல் பற்றியே. பிறர் ஆட்சிக்குட்பட்ட மலையில் பெய்யும் மழையைப் பெறுதல் பிற்காலத்து எழுந்த சிக்கல்.

பெரியாற்று உடன்படிக்கை

அச்சிக்கலை முதன்முதல் பேரளவில் தீர்க்க முயன்றது பெரியாற்றுத் திட்டம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் சேதுநாட்டு அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்கு 1789-ஆம் ஆண்டளவிலேயே தோன்றியது. 1808-இல் ஆங்கிலப் பொறியாளர் கால்டுவெல் அதனை ஆராய்ந்து, இயலாதது என ஒதுக்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சம் அவ்வெண்ணத்திற்கு மீண்டும் உயிரூட்டியது.

அணை அமையவேண்டிய இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. ஆதலின் 1886 அக்டோபர் 29-ஆம் நாள் சென்னை மாகாண அரசின் சார்பிலும் திருவிதாங்கூரின் சார்பிலும் குத்தகை ஆவணம் கையெழுத்தாயிற்று. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். நீர் பரவும் எண்ணாயிரம் ஏக்கர் நிலத்திற்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. பென்னிகுயிக்கின் தலைமையில் கட்டப்பெற்ற அணை 1895-இல் திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் வைகைப் படுகையை அடைந்தது.

இத்திட்டத்தின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. எனினும் ஆவணத்தின் அமைப்பு ஆராயத்தக்கது. செலவு முழுவதையும் சென்னை ஏற்றது. பயனும் முழுவதும் சென்னைக்கே. நிலம் தந்த நாட்டுக்கு மாறா வாடகை ஒன்றே வருவாய். அவ்வாடகை எண்பத்து நான்கு ஆண்டுகள் உயரவேயில்லை. அந்நீரைக் கொண்டு மின்னாற்றல் ஆக்கலாமா என்பதும் ஆவணத்தில் தெளிவுபடவில்லை. 1941-இல் நடுவர் அளித்த தீர்ப்பு சென்னைக்கு மாறாக அமைந்தது. 1970 மே 29-ஆம் நாள் செய்யப்பெற்ற துணை உடன்படிக்கைகளே வாடகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தி, மின்னாக்கத்திற்கும் தனிக்கட்டணம் வகுத்தன. பின்னர் அணையின் உறுதி பற்றி எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ஆம் நாள் குத்தகை செல்லும் என்றும், நீர்மட்டம் 142 அடி வரை உயரலாம் என்றும் தீர்ப்பளித்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது. நீண்ட காலத்திற்கு மாறாதிருக்க வேண்டும் என எழுதப்பெற்ற ஆவணமே நீண்ட வழக்குக்கும் வித்தாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

பரம்பிக்குளம்–ஆழியாறு

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இப்புதிய நிலையில் எழுந்தது பரம்பிக்குளம்–ஆழியாற்றுத் திட்டம். இதன் உடன்படிக்கை 1970 மே 29-இல் கையெழுத்தாயினும், 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுதோறும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி. நீரும், சோலையாற்றில் 12.3 டி.எம்.சி. நீரும் கேரளம் பெறுதல் வேண்டும் என அளவு வகுக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு ஒருமுறை உடன்படிக்கையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது.

பெரியாற்று ஆவணத்தினும் இது ஒருபடி முன்னேறியது என்பதில் ஐயமில்லை. இருதிறத்தார்க்கும் நீர்ப்பங்கு உண்டு. காலத்திற்கேற்ற மாற்றத்திற்கும் வழியுண்டு. ஆனால் 1988-இல் நிகழ வேண்டிய மறுஆய்வு உரிய காலத்தில் நிறைவுறவில்லை. விதியை எழுதுதல் எளிது. அதனை நடத்தும் அமைப்பு இல்லையேல் விதி ஏட்டளவில் நிற்கும்.

திட்டமும் நிதியும்

இத்தகைய அமைப்பை உருவாக்கும் முயற்சி நடைபெறாமல் இல்லை. ஐந்தாண்டுத் திட்டம் 1951-இல் தொடங்கியபோது சென்னை மாநில அரசின் தலைவராய் விளங்கியவர் இராசபாளையத்துக் குமாரசாமி ராஜா என்பது இவ்வட்டாரத்தார் நினைவுகூரத்தக்கது. 1956-இல் மாநிலச் சீரமைப்புச் சட்டம் மண்டலக் குழுக்களை வகுத்தது. பொருளாதாரத் திட்டமிடல், எல்லைச் சிக்கல் முதலியவற்றை அண்டை மாநிலங்கள் கூடிப் பேசுதற்கு அவை இடமாயின. ஆனால் அறிவுரை கூறுதலன்றி ஆணையிடும் உரிமை அவற்றிற்கு இல்லை. அதே ஆண்டில் ஆற்று வாரியச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன்படி வாரியம் ஒன்றேனும் அமைக்கப்பெறவில்லை.

நிதி வகையில் குறிப்பிடத்தக்கது 1974–75-இல் தொடங்கிய மேற்குத்தொடர்ச்சி மலை வளர்ச்சித் திட்டம். மலையைப் பகிர்ந்துகொள்ளும் மாநிலங்களின் மலை வட்டங்களுக்கு நடுவண் அரசு சிறப்பு உதவி அளித்தது. அவ்வுதவியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மானியம். பத்துப் பங்கு கடன். பரப்பளவையும் மக்கள்தொகையையும் அளவுகோலாகக் கொண்டு நிதி பங்கிடப்பட்டது. மலைத்தொடர் முழுவதையும் ஒரே வட்டாரமாக எண்ணியது இதன் சிறப்பு. ஆயினும் நிதி மாநிலந்தோறும் தனித்தனியே பிரிந்து சென்றது. இரு சரிவுகளையும் இணைத்து நடத்தும் பணிக்கென ஒதுக்கப்பட்டதன்று. ஆகவே மலை ஒன்றாக எண்ணப்பட்டும் இரண்டாகவே நடத்தப்பட்டது.

பிறநாட்டு வழக்கு ஒன்றை இங்கு ஒப்புநோக்கலாம். இந்தியாவும் பூட்டானும் 1974-இல் செய்துகொண்ட சுக்கா நீர்மின் உடன்படிக்கையின்படி, 336 மெகாவாட் திட்டத்தின் செலவை இந்தியா ஏற்றது. அதில் அறுபது விழுக்காடு மானியம், நாற்பது விழுக்காடு கடன். பூட்டானின் தேவைக்கு மிஞ்சிய மின்னாற்றலை இந்தியா விலைக்குப் பெற்றது. மேல்நிலத்தார் தம் ஆற்றால் தாமே வருவாய் பெறும் வகை செய்யப்பட்டமையே அதன் வெற்றிக்குக் காரணம். பெரியாற்று வாடகைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை தெளிவானது.

மிகைநீர் என்னும் சொல்

இனி, செண்பகத்தோப்புக்கு மீள்வோம். மேற்கே பாயும் நீரைத் திருப்பி இங்கே அணை கட்டவேண்டும் என்பது வேளாண் மக்களின் நெடுநாள் வேட்கை. அதனை அழகர் அணைத் திட்டம் என வழங்குவர். வைப்பாற்றுப் படுகை முழுமைக்குமான பெரிய திட்டமாக நடுவண் நீர்வள மேம்பாட்டு முகமை பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பை வகுத்து 1995-இல் அறிக்கை அளித்தது. ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் நீரைத் திருப்பி, 91,400 எக்டேர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கலாம் என்பது அதன் கணக்கு. கேரளம் இசையவில்லை.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவையாகின்றது. அறிக்கை திருப்பக் கருதுவது மிகைநீரை. மிகை என்பது தேவைக்கு மேற்பட்டது. தேவை யாது என்பதில் உடன்பாடு இல்லாதபோது மிகை யாது என்பதில் உடன்பாடு எங்ஙனம் பிறக்கும்? கடலை நோக்கி ஓடும் நீர் வீணாகின்றது என்பர் இப்பாலார். அந்நீரே வேம்பநாட்டுக் காயலில் உவர் ஏறாமல் தடுத்துக் குட்டநாட்டு நெல்வயலைக் காக்கின்றது என்பர் அப்பாலார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கரிசல் உழவனின் வறட்சி கற்பனையன்று. குட்டநாட்டு உழவனின் அச்சமும் கற்பனையன்று.

மூன்றாவது உரிமையாளர் ஒருவரும் உளர். செண்பகத்தோப்புக் காடு 1988-இல் நரைத்த மலையணில் சரணாலயத்துள் அடங்கியது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இக்காப்பகம் கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை இல்லை. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இங்கு அணை எழுப்புதல் முன்போல் எளிதன்று. அருவிகளுக்கு ஊற்றாகிய சோலைகளை அழித்து அணை கட்டின், அணைக்கு வரும் நீரும் குன்றும் என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். ஒருதலைப் பயன் உடைய உடன்படிக்கை நிலைப்பினும் பகையை வளர்க்கும். மறுஆய்வு விதி, அதனை நடத்தும் நிலையான அமைப்போடு சேர்ந்தே பயன்தரும். மலையை ஒன்றெனக் கருதும் நிதி, மலையின் இருபுறத்தாரும் கூடிச் செலவிடுமாறு அமைதல் வேண்டும். அழகர் அணையோ வேறு எத்திட்டமோ, இம்மூன்றையும் நிறைவு செய்யாதவரை அது கோரிக்கையாகவே நிற்கும். இருமாநில அறிஞரும் கூடி அச்சன்கோவில், வைப்பாற்றுப் படுகைகளின் நீரளவைப் பல்லாண்டு அளந்து, ஒரே கணக்கை இருமொழியிலும் வெளியிடுதல் முதற்பணியாகும். மேற்கெல்லை கூறாத பாயிரத்தின் காலம் மீளாது. ஆயினும் மலையை இருதிறத்தார்க்கும் பொதுவெனக் கருதிய அந்நோக்கு இன்றைய திட்டமிடுவார்க்கும் ஏற்புடையதே.