மெடிசின் ஹாட்: அடியில் நெருப்பை வைத்திருந்த ஊர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், தென் சஸ்காட்சவான் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய நகரம் மெடிசின் ஹாட். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 63,271. சுற்றிலும் பிரெய்ரி எனப்படும் புல்வெளி.

பெயர் வந்த கதை:

இங்கு வாழ்ந்த பிளாக்ஃபுட் பழங்குடியினர் இவ்விடத்தை 'சாமிஸ்' என்றனர். மருத்துவர் அணியும் கழுகிறகுத் தலையணி என்பது அதன் பொருள். அதுவே ஆங்கிலத்தில் 'மருந்துத் தொப்பி' ஆகிவிட்டது!

தண்ணீர் தேடினார்கள், வாயு வந்தது:

1883இல் கனடிய பசிபிக் ரயில்வே இங்கு வந்தது. அதே ஆண்டு, ஊருக்கு மேற்கே நீராவி என்ஜின்களுக்குத் தண்ணீர் வேண்டி ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். வந்ததோ இயற்கை எரிவாயு. பிறகு ஊருக்கு அடியிலும் வாயு இருப்பது தெரிந்தது. 1906இல் நகர அந்தஸ்து கிடைத்தது. தெருவிளக்கை அணைக்க ஆள் வைப்பதைவிட பகலிலும் எரியவிடுவதே மலிவு என்று விட்டுவிட்டார்களாம்.

1907இல் வந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், நரகமே இந்த ஊருக்கு நிலவறை என்று வேடிக்கையாகச் சொன்னார். 1910இல் ஊர்ப்பெயரை மாற்றலாம் என்று பேச்சு எழுந்தபோது, கூடாது என்று கடிதம் எழுதியவரும் அவரே. பெயர் நிலைத்தது.

தொழில்கள்:

மலிவான வாயுவை நம்பிச் செங்கல் சூளைகளும் மண்பாண்ட ஆலைகளும் வந்தன. புகழ்பெற்றது மெடால்ட்டா. இரண்டாம் உலகப்போரில் இங்கிருந்த முகாமில் 12,000க்கும் அதிகமான ஜெர்மானியப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். சிலர் மெடால்ட்டாவிலும் வேலை செய்தனர். 1954இல் ஆலை மூடப்பட்டது. இன்று உர ஆலை, மெத்தனால் ஆலை, காய்கறி விளையும் கண்ணாடிக் கூடங்கள் ஆகியவை முக்கியத் தொழில்கள்.

பார்க்க வேண்டியவை:

1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகச் செய்த எஃகுக் கூடாரமான சாமிஸ் டீப்பி, 1991இல் இங்கு கொண்டுவரப்பட்டது. இருபது மாடி உயரம்! மெடால்ட்டாவின் பழைய சூளைகள் இப்போது அருங்காட்சியகம்.

இனி என்ன?

மற்ற ஊர்களிலிருந்து இது வேறுபடுவது ஒரு விஷயத்தில்தான். எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையமும் நகராட்சிக்கே சொந்தம். வாயு விற்ற லாபம் பல ஆண்டுகள் வரிச்சுமையைக் குறைத்தது. ஆனால் வாயு விலை சரிந்தது, கிணறுகளும் வற்றின. சுமார் 2,000 கிணறுகளை மூடப்போவதாக 2019இல் நகராட்சி அறிவித்தது. 2023இல் மின்கட்டணம் ஏறியபோது, சொந்த மின் நிலையம் இருந்தும் ஏன் இவ்வளவு கட்டணம் என்று மக்கள் நகராட்சியைக் கேட்டார்கள்.

பூமிக்கு அடியில் கிடைத்த செல்வம் ஒரு நாள் தீரும். ஆண்டுக்கு 2,500 மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும் ஊர் இது. இத்தனை காலம் கீழே பார்த்து வாழ்ந்த மெடிசின் ஹாட், இனி மேலே பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.