கழுதைத் தாடை

1985இல் ரோலண்ட் டிஆர்-727 என்ற தாளப்பெட்டி வந்தது. அதன் அண்ணன் 707இல் ராக் ட்ரம்ஸ். தம்பிக்குள் போங்கோ, கொங்கா, டிம்பாலே, அகோகோ, விசில் என்று 15 'லத்தீன்' ஒலிகள். லத்தீனாம்! கொங்கா, கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த மத்தளம். அகோகோ யொரூபா மணி. எல்லாத்துக்கும் ஒரே லேபிளை ஒட்டி, டிஜிட்டல் துணுக்குகளாக்கி, சிப்பில் அடைச்சுட்டாங்க.

அந்தப் பதினைந்தில் ஒன்று கிஹாதா. கழுதையின் தாடை எலும்புங்க. காய்ந்த தாடையில் பற்கள் ஆடும். முஷ்டியால் தட்டினால் கடகடக்கும். பெருவின் கறுப்பின மக்கள் வாசித்தது.

இந்தப் பெட்டியை சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் ஹவுஸ் இசைக்குள் ஓடவிட்டார்கள். மூதாதையரின் ஒலி, ஜப்பானைச் சுற்றி வந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் சினிமாத்தனம்தான்.

1991இல் ஜெனரல் மிடி தரநிலை வந்தது. அதன் தாளப் பட்டியலில் 60 முதல் 72 வரை, போங்கோவில் தொடங்கி நீள விசிலில் முடியும் 13 ஒலிகள். அப்படியே 727இன் வரிசை! ஊர்ப்பட்ட கீபோர்டுகளில் இன்னும் அதுதான் இருக்கு. வீட்டில் ஒன்று கிடந்தால் ட்ரம் கிட்டை வைத்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பாருங்கள்.

கிஹாதா சிக்காது. 58இல் வைப்ராஸ்லாப் இருக்கும்: மரப்பெட்டியும் கம்பியும் வைத்துச் செய்த மாற்றுத் தாடை.