டால்ஸ்டாய் வண்ணத்தில் வந்த அட்டை

1908 மே மாதம் புரக்கூதின்-கோர்ஸ்கி என்ற வேதியியலாளர் கேமராவோடு ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் வீடிருந்த யாஸ்னயா பொல்யானாவுக்குப் போனார். நாற்காலியில் நீலச் சட்டையும் நீண்ட பூட்ஸுமாக டால்ஸ்டாய். அந்த ஆண்டு அவருக்கு 80 வயது.

வண்ணப் படம் வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பிறகு ஒன்றாக்க வேண்டும். மூன்றும் எடுத்து முடியும்வரை அசையக் கூடாது. கிழவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது!

அந்தப் படம் அஞ்சலட்டையாக அச்சாகிப் பரவியது. கறுப்பு வெள்ளை டால்ஸ்டாய் அட்டைகள் எத்தனையோ உண்டு. சேகரிப்பவர் கண் நிற்பது இதில்தான்.

எடுத்தவருக்கும் யோகம். மறு ஆண்டே ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அவருடைய படங்களைத் திரையில் பார்த்தார்; பேரரசைச் சுற்றிவந்து படமெடுக்க இருட்டறையுள்ள ரயில் பெட்டியே கொடுத்தார். அவருடைய கண்ணாடித் தகடுகளை 1948இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு வாங்கியது.